ரிவர்ஸ் இல்லாத ஊர்வலக் கார்

எங்கள் ஊர்ப் பக்கம் கிளட்ச் இல்லாத கார் என்று அந்த நாட்களில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது கடைவீதி ஜவுளிக்கடை பாயுடையது. பாண்டிச்சேரியில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் கொட்டகையிலிருந்து வாங்கி, லாரியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் செய்த பழைய கார். இளநீல நிறம். ஸ்டியரிங் இடது பக்கம். மேல்கூரையைச் சுருட்டிப் பின்னால் தள்ளிவிடலாம். நீளம் எவ்வளவு என்றால், முன்பக்கம் எங்கள் வாசலில் நின்றால் பின்பக்கம் அடுத்த வீட்டுக்காரர் வாசலை மறைக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்பது பாயின் யோசனை. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர்களிடம் அப்படியே காரையும் பேசி முடித்துவிடுவார்.

கார் வந்ததே தவிர, ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. ஊரில் இருந்த டிரைவர்கள் எல்லாருக்கும் இடது கால் கிளட்சைத் தேடும். இதில் இருந்ததோ பிரேக்கும் ஆக்சிலேட்டரும்தான். கியர் மாற்றுவதை வண்டி தானே பார்த்துக்கொள்ளும். முதல் ஊர்வலத்தில் ஒரு லாரி டிரைவர் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதிக்க, பின்சீட்டின் மேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக முன்சீட்டுக்கு வந்து விழுந்தார். அதற்கப்புறம்தான் பாய் என் கணவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

என் கணவர் டிராக்டர் பட்டறையில் மெக்கானிக். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்கள் ஏதாவது கோளாறு என்றால் அந்தப் பட்டறையில்தான் வந்து நிற்கும். அவர் இடது காலை மடித்து சீட்டின் மேல் சம்மணம் போட்ட மாதிரி வைத்துக்கொண்டு, வலது காலால் மட்டும் அந்தக் காரை ஓட்டிக் காட்டினார். "கால் கீழ இருந்தாத்தானங்க தேடும்" என்றார். அன்றிலிருந்து ஊர்வலம் என்றால் அவர்தான் ஓட்டுவார். நாதஸ்வரக்காரர்கள் நடக்கிற வேகத்துக்கு அந்தக் கார் தானாகவே ஊர்ந்து போகும். கால் வைக்கவே வேண்டாம்.

இரண்டு மூன்று கல்யாண சீசன் நன்றாகப் போனது. அப்புறம் காருக்கு ஒரு நோய் வந்தது. இஞ்சின் உறுமும், வண்டி நகராது. சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் மேளம் முன்னால் போய்விட்டது, ஜனம் முன்னால் போய்விட்டது, மாப்பிள்ளையும் காரும் மட்டும் கடைத்தெரு நடுவில் நின்றுவிட்டார்கள். மச்சான் முறைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து மண்டபம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண் வீட்டார் அதை மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்று நினைத்து, தள்ளியவர்களுக்கெல்லாம் துண்டு போட்டார்கள்.

பாய் காரைக் கட்டி இழுத்துவந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் விட்டார். அப்படியே விட்டிருப்பார். அவர் மகளின் நிக்காஹ் நிச்சயமானதால்தான் பேச்சு மறுபடி எழுந்தது.

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வீட்டில் தையல் போட்டிருந்தேன். பாய் கடையில் ஜாக்கெட் துணி எடுப்பவர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள். துணியும் அளவு ஜாக்கெட்டும் கொண்டுவருகிற சாக்கில் அவள் வந்து உட்கார்ந்தால் சாயந்திரம்தான் போவாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். வாய் ஓயாது. மாப்பிள்ளைக்கு மணலூர்பேட்டை. அங்கே இரும்புக்கடை. நிச்சயம் ஆன அன்றைக்கே அவள் வீட்டில் சொல்லிவிட்டாள், மாப்பிள்ளை அந்த நீலக் காரில்தான் வர வேண்டும் என்று.

"அம்பாசடர்ல வரட்டுமே, இன்னா இப்ப?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"ஊர்ல இருக்கற மாப்பிள்ளைங்கள எல்லாம் நம்ம கார்ல அனுப்பி வெச்சிட்டு, நம்ம வூட்டு மாப்பிள்ளை மட்டும் வாடகைக் கார்ல வருவாரா அத்தா?"

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பிரிச்சிப் பாக்கறியாப்பா?"

"பிரிக்கறதுக்கு நான் கேரண்டிங்க பாய். சேக்கறத அப்புறம் பேசிக்கலாம்" என்றார் என் கணவர்.

பட்டறை வேலைக்கு நடுவே அவருக்கு நேரம் எங்கிருந்து வரும் என்று நான் யோசித்தேன். நேரம் தானாக வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் தொடங்கியது. எங்கள் தெரு ஆண்கள் முக்கால்வாசிப் பேர் போனார்கள். என் கொழுந்தனும், அதாவது கணவரின் தம்பியும், அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கரும்பு வண்டி இல்லை. பட்டறையைப் பூட்டினார்கள். ஊரே ஒரு பெரிய தீவு மாதிரி ஆகிவிட்டது. அந்த நாட்களை முழுக்கச் சந்தோஷமான நாட்கள் என்று சொல்ல மாட்டேன். வடக்கே துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் கேட்டதும் தெருவில் அடுப்புப் பற்றவைக்காத வீடுகள் இருந்தன. மறியல் முடிந்து எல்லாரும் வீடு திரும்பியபோது என் கொழுந்தன் மட்டும் திரும்பவில்லை. போலீஸ் பிடிக்கிறது என்று யாரோ சொல்ல, அவனும் இன்னும் சிலரும் கல்வராயன் மலைப் பக்கம் ஓடினார்கள் என்று மட்டும் தெரிந்தது.

எங்களோடு என் நாத்தனாரும் இருந்தார். கணவருக்கு அக்கா. புருஷன் இறந்த பிறகு தம்பிகளோடேயே வந்துவிட்டவர். கடைசித் தம்பி மேல் அவருக்கு உயிர். நாள் முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். "சும்மா நடந்துக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும். எனக்கும் எதுனா வேல குடுடா" என்று என் கணவரிடம் சொன்னார். இப்படித்தான் அந்த கியர் பாக்ஸ் வேலைக்கு நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்தோம். நான், நாத்தனார், கல்யாணப் பெண்.

கார் அடியிலிருந்து கியர் பாக்ஸை இறக்கப் பள்ளம் வேண்டும். எங்கள் வீட்டின் பின்னால் எருக்குழி இருந்தது. எரு அப்போதுதான் வயலுக்குப் போயிருந்ததால் குழி காலி. நாத்தனார் அதைப் பெருக்கி, சாணம் தெளித்து, வீடு மாதிரி ஆக்கிவிட்டார். குழிக்குக் குறுக்கே இரண்டு பனை உத்திரம் போட்டு, தெருக்காரர்கள் காரை அதன் மேல் தள்ளி நிறுத்தினார்கள். என் கணவர் குழிக்குள் இறங்கினார். காருக்குள் சீட்டையும் தரைத் தகட்டையும் எடுத்துவிட்டு, இரண்டு பக்கக் கதவு வழியாக ஒரு உலக்கைக்கு அண்ணன் மாதிரி இருந்த கட்டையை நீட்டி வைத்து, அதில் கிணற்றுக் கயிற்றைப் போட்டோம். அவர் கீழே போல்ட்டைக் கழற்றக் கழற்ற, நாங்கள் மேலே கயிற்றை விட்டுக்கொடுத்தோம். வார்ப்பு இரும்பு. ஒரு கன்றுக்குட்டி எடை இருக்கும். வைக்கோல் மூட்டை மேல் அது வந்து உட்கார்ந்ததும் நாத்தனார், "இத்தினி பெருசு வயித்துக்குள்ள வெச்சிக்கினு எப்டி நடக்கும், பாவம்" என்றார்.

கூடத்தில்தான் பிரித்தோம். வெளியில் புழுதி. உள்ளே ஒரு துளி மண் போனாலும் கெட்டுவிடும் என்றார் என் கணவர். புத்தகம், படம் ஒன்றும் கிடையாது. முன்னே பின்னே இந்த மாதிரிப் பெட்டியை அவர் பார்த்ததும் கிடையாது. நான் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றித் தர, கழற்றின வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்து, நகராமல் இருக்க வேட்டியோடு சேர்த்து ஓட்டுத் தையல் போட்டேன். ஜாக்கெட் வெட்டின துண்டுகள் மாறிப்போகாமல் இருக்க நான் எப்போதும் செய்வதுதான். சின்ன ஸ்பிரிங்குகளுக்குத் தனித்தனியாகப் பை தைத்தேன். நீல நூல் கட்டினது மேல் பக்கம், சிவப்பு நூல் கட்டினது கீழ்ப் பக்கம். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பட்டறைல இத சொன்னா சிரிப்பானுங்க. ஆனா அங்க பிரிச்சா எப்பவும் ரெண்டு சாமான் மிச்சம் இருக்கும்" என்றார்.

உள்ளே இருந்த கதை இதுதான். வட்ட வட்டமான தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றில் உராய்ந்து பிடிக்கிற லைனிங் பட்டையாக ஒட்டியிருக்கும், அடுத்தது வெறும் இரும்பு. எண்ணெயின் அழுத்தம் இவற்றைச் சேர்த்துப் பிடித்தால் வண்டி நகரும். லைனிங் தேய்ந்து, கருகி, உரித்துப் போட்ட வெங்காயத் தோல் மாதிரி வந்தது. அது போக, டிரம் ஒன்றைச் சுற்றிப் பிடிக்கிற இரும்புப் பட்டைகள் இரண்டு. ஒன்று மேட்டில் ஏறுவதற்கான லோ கியருக்கு, இன்னொன்று ரிவர்ஸுக்கு. இரண்டிலும் லைனிங் போயிருந்தது. ரப்பர் வளையங்கள் எல்லாம் காய்ந்து, தொட்டால் அப்பளம் மாதிரி ஒடிந்தன.

"புதுசு எங்க கெடைக்கும்?" என்று கேட்டேன்.

"அமெரிக்கால."

கல்யாணப் பெண் சிரித்தாள். "மெட்ராஸ் போறதுக்கே வழி இல்ல அண்ணா. மரத்த எல்லாம் இன்னும் எடுக்கல."

இருக்கிறதை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று ஆனது. பட்டறையில் இஞ்சின் பேக்கிங் வெட்டுவதற்காக ஒரு கார்க் தகடு இருந்தது. ஒன்றே ஒன்று. தட்டுகளில் லைனிங்காக ஒட்டலாம் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தார். வட்டமாக வளையம் வளையமாக வெட்டினால் பாதித் தட்டுகளுக்குக்கூட வராது. நடுவில் இருப்பதெல்லாம் வீண். அவர் காம்பஸை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"முழு வளையமா இன்னாத்துக்கு? குடைப் பாவாட வெட்டற மாதிரி துண்டு துண்டா வெட்டிச் சேத்தா இன்னா?" என்றேன்.

"சேத்த எடத்துல இடுக்கு வுழுமே."

"வுழுந்தா எண்ணெ போறதுக்கு வழி."

காம்பஸைக் கீழே வைத்தார். அப்புறம் கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளினார். ஒரு அட்டையில் பிறை மாதிரி அளவு வெட்டிக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரித் தகடு முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தேன். எல்லாத் தட்டுக்கும் வந்தது. மிச்சம் கை அளவு ஒரு துண்டு. என் தையல் வாழ்க்கையில் அவ்வளவு கம்மியாக வெட்டுத்துணி விழுந்த வேலை அது ஒன்றுதான்.

இரண்டு குழாயில் வருகிற பசையைக் கலந்து நாங்கள் ஒட்ட ஒட்ட, நாத்தனார் தட்டுகளை அடுக்கி, அதன் மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தார். அம்மி இல்லாததால் அந்த இரண்டு நாளும் வீட்டில் வெறும் ரசம்தான். எண்ணெய் அழுத்தத்தைத் தாங்கும் வளையத்துக்குத் தெருக்குழாய்க் கைப்பம்பில் போடுகிற தோல் வாசரை வாங்கி, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, ஓரத்தைச் சீவிப் பொருத்தினார். லோ கியர் பட்டைக்கு டிராக்டர் பிரேக் லைனிங்கை வெந்நீரில் போட்டு வளைத்து, செம்பு ஆணி அடித்து இறுக்கினார். லைனிங் அந்த ஒரு பட்டைக்குத்தான் வந்தது.

"ரிவர்ஸுக்கு?" என்று கல்யாணப் பெண் கேட்டாள்.

"எந்த மாப்பிள்ளையாவது ஊர்வலத்துல பின்னால போயிருக்கானா?"

"எங்க வூட்டு மாப்பிள்ளைய நான் இன்னும் சரியாப் பாக்கல அண்ணா. போனாலும் போவாரு."

ரிவர்ஸ் பட்டையை அப்படியே தேய்ந்தபடி உள்ளே வைத்து மூடுவதென்று முடிவானது.

அந்தப் பெண் தட்டுகளையும் பல்சக்கரங்களையும் மண்ணெண்ணெயில் கழுவுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். நிக்காஹ் நெருங்கிவிட்ட நேரம். கையைப் பார்த்தால் கொல்லன் கை மாதிரி நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஒரு நாள் அவள் அம்மா, நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுகிறவர், எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மருதாணி வெக்கற கையாம்மா இது? மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பாத்தா பொண்ணு எங்க பட்டறைல வேல செய்யுதான்னு கேப்பாங்க."

"இரும்புக்கடைக்காரங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தாம்மா" என்றாள் அவள்.

பாயம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் எலுமிச்சம்பழமும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தேன். பாதிதான் போயிற்று. மிச்சத்தை மருதாணி மறைத்துவிடும் என்று பாயம்மாவே சொல்லிக்கொண்டார். அப்படியே திரும்பிப் போகாமல் தரையில் உட்கார்ந்து, வேட்டியில் தைத்து வைத்திருந்ததை வரிசையாகப் பார்த்தார். "நகைக் கடையாட்டம் இருக்குது" என்றார்.

எண்ணெய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்கிற ஒரு பெட்டி அதற்குள் தனியாக இருந்தது. சந்து சந்தாக, எறும்புப் புற்று மாதிரி. அதைத் திறந்தபோது ஒரு சின்ன இரும்புக் குண்டு துள்ளி ஓடிவிட்டது. கூடம் முழுக்கத் தேடினோம். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அந்த நேரம் உள்ளே வந்துவிட்டுப் போனதை நாத்தனார் பார்த்திருந்தார். அவருக்குச் சந்தேகமே இல்லை. கோழியைப் பிடித்துக் கூடையைக் கவிழ்த்து, தானியம் போட்டு, எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டு அம்மா வந்து, "எங்க கோழி இன்னாங்க பண்ணிச்சு?" என்று கேட்டதற்கு, "கார் சாமான முழுங்கிடிச்சு" என்றார். அந்த அம்மா வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார். மறுநாள் வரை கோழி ஒன்றும் தரவில்லை. என் கணவர் சைக்கிள் கடையிலிருந்து அதே பருமனில் ஒரு குண்டு வாங்கிவந்து போட்டுவிட்டார். கோழிக்கு விடுதலை கிடைத்தது. கிடைத்ததும் அது கூடைக்குள்ளேயே ஒரு முட்டை போட்டுவிட்டுப் போனது.

பூட்டுகிற வேலை பிரித்த வேலையைவிடச் சுலபமாக இருந்தது. வேட்டியின் வலது ஓரத்திலிருந்து தையலைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டே வந்தார். வேட்டி காலியானபோது கையிலும் ஒன்றும் மிச்சமில்லை. டிராக்டர் ஹைட்ராலிக் எண்ணெயை மெல்லிய மல் துணியில் வடிகட்டி ஊற்றினோம். பெட்டியை மறுபடி மேலே தூக்க எங்கள் மூன்று பேர் பலம் போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருக்காரர்களும் கடை ஆட்களும் வந்து கயிறு பிடித்தார்கள். பாயும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் கணவர் ஸ்டார்ட் செய்தார். உறுமியது. லீவரைத் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் எல்லாச் சந்துக்கும் போய்ச் சேர வேண்டும், பொறுங்கள் என்று அவர் கையைக் காட்டினார். ஒரு குலுக்கல். அப்புறம் கார், மேளச் சத்தம் கேட்ட மாதிரி, மெல்ல நகர்ந்தது. கொல்லையைத் தாண்டி, முருங்கை மரத்தைச் சுற்றி, தெருவுக்குள் நுழைந்தது. என் கணவரின் இடது கால் சீட்டின் மேல் மடங்கியிருந்தது. கல்யாணப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று சொன்னார்.

நிக்காஹ் அன்றைக்குப் பெரிய ரோடுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆனால் மணலூர்பேட்டையிலிருந்து வருகிற வழியில் ஊர் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புளியமரம் அப்படியே கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கரும்பு டிராக்டரில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து வந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நீலக் கார். எங்கள் தெரு ஆட்கள், அந்த மரத்தை வெட்டியவர்களேதான், இரண்டு பக்கமும் நின்று மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாக மரத்தின் மேல் ஏற்றி இறக்கினார்கள். ஷெர்வானியில் ஒட்டின பட்டையை ஒருவர் துண்டால் தட்டிவிட்டார்.

"உங்களுக்கு எங்களால சிரமம் ஆயிடுச்சுங்க" என்றார் அவர்.

"பரவால்லீங்க. உங்களுக்கு நல்லது நடந்தா சரி" என்றார் மாப்பிள்ளை. அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். நம் பெண் தப்பான இடத்துக்குப் போகவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது.

எல்லையிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, துள்ளவில்லை. பாய் வீட்டு மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் எங்கள் பக்கம் கையைக் காட்டினாளாம். மாப்பிள்ளைக்குக் காட்டியதாக அவர் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். அவள் காட்டியது காருக்கு.

நிக்காஹ் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்த நாட்களில், மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவந்து விற்கிற ஒரு அம்மா எங்கள் வீடு தேடி வந்தார். "உங்க வூட்டுத் தம்பி எங்க ஊர்லதான் இருக்குது. நல்லா இருக்குது. போலீசு இன்னும் தேடுதான்னு கேட்டுக்கினு வரச் சொல்லிச்சு" என்றார். நாத்தனார் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விசாரித்துப் பார்த்ததில் என் கொழுந்தன் மேல் எந்த வழக்கும் இல்லை, யாரும் அவனைத் தேடவும் இல்லை. அவன்தான் சும்மா பயந்து உட்கார்ந்திருக்கிறான்.

மலைக்கு பஸ் இன்னும் விடவில்லை. பாய் சொன்னார்: "கார எடுத்துக்கினு போங்க. மாப்பிள்ளையும் மலையப் பாத்த மாதிரி இருக்கும்."

அப்படித்தான் புதுப் பெண், புது மாப்பிள்ளை, நாத்தனார், நான், ஓட்டுவதற்கு என் கணவர் என்று ஐந்து பேர், ஒரு அண்டா பிரியாணியோடு கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் லோ கியரில் போட்டார். டிராக்டர் லைனிங் நன்றாகவே பிடித்தது. வளைவுகளில் மட்டும் அந்த நீளத்துக்கு ஒரே திருப்பில் திரும்ப முடியவில்லை. ஆனால் ஏற்றம்தானே, பிரேக்கை விட்டால் கார் தானாகப் பின்னால் வரும். கொஞ்சம் வரவிட்டு, மறுபடி ஒடித்து, மேலே ஏறினோம். மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. "ரொம்ப ஸ்மூத்தா ரிவர்ஸ் வருதுங்களே" என்றார். புதுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொழுந்தன் ஒரு சாமைக் காட்டில் நின்றுகொண்டிருந்தான். நீலக் காரைப் பார்த்ததும் முதலில் ஓடத்தான் பார்த்தான். நாத்தனார் கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "டேய், நில்றா" என்று போட்ட சத்தத்தில் அந்தக் காட்டில் எல்லாரும் நின்றார்கள். அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் எட்டி நின்று பார்த்தார். அவன் இளைக்கவில்லை. கன்னம் வைத்திருந்தது. "நான் அங்க சோறு எறங்காம கெடந்தேன். நீ இங்க தேனும் சாமச் சோறுமா தின்னுக்கினு இருந்தியா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். அவனை வைத்துக் காப்பாற்றின வீட்டார் எங்களை விடவில்லை. பிரியாணியை அவர்களும், சாமைச் சோற்றை நாங்களும் சாப்பிட்டோம்.

இறங்கும்போதுதான் வினை வந்தது. ஒரு குறுகலான இடத்தில் கீழிருந்து ஒரு லாரி, மரவள்ளிக் கிழங்கு ஏற்றுவதற்காக வெறும் வண்டியாக ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். என் கணவர் இறங்கிப் போனார்.

"பின்னால எடுங்க சார்."

"பின்னால போவாதுங்க."

"இன்னாங்க சொல்றீங்க? ரிவர்ஸ் இல்லாம காரா?"

"ஊர்வலக் காருங்க இது. முன்னாலதான் போவும்."

லாரிக்காரர் காரை ஒரு தடவை பார்த்தார், காருக்குள் பட்டுப் புடவையில் இருந்த பெண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்புறம் தன் ஆட்களை இறங்கச் சொன்னார். கொழுந்தனும், லோடு ஆட்களும், பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்ட மாப்பிள்ளையும் சேர்ந்து காரை மேட்டில் பின்னால் தள்ளினார்கள். மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே தன் பெண்டாட்டியிடம் கேட்டார்: "உனக்கு முன்னாலியே தெரியுமா?"

"நான்தான தட்டு எல்லாம் கழுவுனேன்" என்றாள் அவள்.

அவர் தள்ளுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்ததில் மற்றவர்களுக்கும் கை தளர்ந்து, கார் கொஞ்ச தூரம் முன்னால் வந்துவிட்டது. மறுபடி தள்ள வேண்டியிருந்தது.

லாரி போனதும் நாங்கள் இறங்கினோம். கோமுகி அணையோரம் நிறுத்தி முகம் கழுவினோம். கொழுந்தன் பின்சீட்டில் நாத்தனார் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். தெருவுக்குள் நுழைந்தபோது ஜனம் கூடிவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரியே அவனும் அந்தக் காரில் வந்து இறங்கினான்.

மறியலில் அவர்கள் கேட்ட ஒதுக்கீடு கொஞ்ச நாள் கழித்து வந்தது. அதைப் பற்றி அவன் பெருமையாகப் பேசுவான். ஆனால் திரும்பி வந்த அந்த வாரம் அவன் பேசியதெல்லாம் மலையைப் பற்றித்தான். அங்கே தண்ணீர் எப்படி இருக்கும், கரடி எந்த வழியாக வரும் என்று. அடுத்த வாரமே ஒரு நாள் காலையில் மறுபடி மலைக்குக் கிளம்பி நின்றான். நாத்தனார் பதறிப்போய், "இப்ப இன்னாடா?" என்றார்.

"மழைக்கு முன்னால கூரை மேஞ்சி தரேன்னு அந்த வூட்ல சொல்லியிருந்தேங்க்கா. பாதியில வுட்டுட்டு வந்துட்டேன்."

நாத்தனார் உள்ளே போய் ஒரு தூக்கு நிறைய முறுக்கு போட்டு, அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு என்று சொல்லிக் கொடுத்தார். நான் அவர்களுக்குக் கண்ணளவில் இரண்டு சட்டை தைத்து வைத்திருந்தேன். அதையும் வாங்கிக்கொண்டு அவன் பஸ் ஏறினான். அப்போது பஸ் ஓடத் தொடங்கியிருந்தது.